அம்முலு பங்கு அரிசி

ஆவணி 3, திங்கள்

அம்முலு, காலையில் தூறல். பத்து மணிக்கெல்லாம் சுள்ளென்று வெயில். துவரையை வெளியே போடுவதா வேண்டாமா என்று முறத்தை இரண்டு முறை தூக்கிக்கொண்டு போய், இரண்டு முறையும் திரும்பி வந்தேன்.

உன் நோட்டில்தான் எழுதுகிறேன். பின்னால் கொஞ்சம் தாள் வெறுமையாகக் கிடந்தது. முன்பக்கம் உன் கணக்குப் பாடம். அப்புறம் நீ எழுதின சாமான் லிஸ்ட், வருஷா வருஷம். எனக்கு உன்னைப் போல் வராது. மூன்றாம் வகுப்பு வரைக்கும் போனவள். பெரிய ற எங்கே போடுவது, சின்ன ர எங்கே போடுவது என்று இன்னும் தடுமாற்றம். போகட்டும். யார் பார்க்கப் போகிறார்கள்.

மழைக்கு முன் சேர்க்க வேண்டியது:

புளி — இருக்கிறது. நீ கொட்டை எடுத்து உப்புப் போட்டு அமுக்கினது. கார்த்திகை வரைக்கும் வரும்.
மிளகாய் — இருக்கிறது.
துவரை — 6 படி. செம்மண் கட்டிக் காயவேண்டும்.
கேழ்வரகு — 1 மூட்டையாவது. இப்போது அரை மூட்டை.
கடலைக்காய் — இல்லை. புரட்டாசியில் ஆயப் போகவேண்டும்.
வடகம் — போடவில்லை.
கருவாடு — புரட்டாசி போகட்டும்.
அரிசி — ரேஷன்தான்.

போன வருஷம் மழை நாற்பது நாள் பிடித்துக்கொண்டது. தறிக்கு ஏற்றுகிற பாவு நூலைத் தெருவில் நீட்ட முடியவில்லை, தறி நின்றுவிட்டது. அந்த நாற்பது நாளும் பானையில் இருந்ததைத்தான் தின்றோம். நீதான் ஆழாக்கில் அளந்து அளந்து போட்டாய். எனக்கு அளக்கவே தெரியாது என்பாய். தெரியாதுதான்.

மிளகாய்ப் பானையைத் திறக்க இன்னும் மனசு வரவில்லை. வைகாசியில் உன்னை வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற பஸ்ஸில் கண்ணமங்கலம் தாண்டும்போது, கண்ணெல்லாம் மஞ்சளாக என் மடியில் சாய்ந்துகொண்டு, "அம்மா, மிளகா காயப் போட்டியே, எடுத்து வெச்சியா?" என்று கேட்டாய். எடுத்து வைக்கவில்லை. பக்கத்து வீட்டு மேரியக்காதான் எடுத்து வைத்தாள்.

துவரை உள்ளேயே இருக்கிறது. நாளைக்கு.


ஆவணி 6, வியாழன்

புழுக்கம். ரேஷன் கடையில் வரிசை முக்கு வரைக்கும். செல்வியைக் கூட்டிக்கொண்டு போனேன், பள்ளிக்கூடம் மட்டம். பத்து வயசு ஆகிறது, ஒரு பை தூக்குவாள்.

கடைக்காரர் கார்டைப் பார்த்தார். நாலு பேர் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே அளந்தார். வைகாசிக்கு அப்புறம் இரண்டு மாதம் உங்கப்பாதான் வாங்கி வந்தார். எத்தனை கிலோ, யாருக்கு என்று நான் பார்க்கவில்லை. அப்போது எதைத்தான் பார்த்தேன். இன்றைக்குத்தான் எதிரில் நின்று பார்த்தேன். தலைக்கு நாலு கிலோ. தட்டில் நாலு முறை விழுந்தது.

செல்வி என் புடவையை இழுத்தாள். "அம்மா, அக்காதும் போட்டுட்டாரு."

மெல்லத்தான் சொன்னாள். அவர் காதில் விழுந்துவிட்டது. அரிசி அள்ளின கை அப்படியே நின்றது. பின்னால் ஒரு கிழவர், "இன்னா, தூங்கறியா, ஜல்தி போடுப்பா" என்று கத்தினார்.

"எடுத்துக்கினு போங்க செல்வியம்மா" என்றார் கடைக்காரர். "ஆனா சீக்கிரம் பேர எடுத்துடுங்க. கார்டு செக் பண்ண வரப்போறாங்களாம். இல்லாதவங்க பேரு இருந்தா முழுக் கார்டையும் பிடிச்சிக்குவாங்க. அப்பால மழைல நீங்கதான் பேஜாராப் போவீங்க."

தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

செல்வியம்மா என்று கூப்பிட்டார். பதினேழு வருஷம் இந்தத் தெருவில் நான் அம்முலு அம்மா. எல்லாரும் மாற்றிக்கொண்டார்கள். எப்போது கூடிப் பேசி முடிவு செய்தார்களோ தெரியாது. சில நேரம் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று பேசாமல் நடந்துவிடுகிறேன்.


ஆவணி 7, வெள்ளி

உலை வைத்தேன். பையில் கைவிட்டேன். எது என் பங்கு, எது உன் பங்கு, அரிசியில் எழுதியா இருக்கிறது. இருந்தாலும் அள்ள முடியவில்லை. நாலு கிலோவைத் தனியாக அளந்து எடுத்தேன். படி படியாக. அதன் பிறகுதான் சோறு ஆக்கக் கை வந்தது.

அந்த நாலு கிலோவை எதில் வைப்பது? அடுக்குப் பானையில் மேல் பானை காலி. இந்த மாதம் போட்டது பச்சரிசி, வண்டு வைக்கும். எத்தனை நாள் இருக்கப்போகிறதோ என்று விளக்கெண்ணெய் இரண்டு கரண்டி விட்டுப் பிசறினேன். துவரைக்கு, பயறுக்குப் பிசறுவோமே அதுபோல.

மேரியக்கா உப்புக் கேட்டு வந்தவள் பார்த்துவிட்டாள். அவளைத்தான் உனக்குத் தெரியுமே, கண்ணில் பட்டால் வாயில் வராமல் போகாது.

"இன்னாடி இது, அரிசிக்கு எண்ண தேச்சி குளிப்பாட்டறியா?"

"வண்டு வருதுக்கா."

"தின்னா ஏன் வண்டு வருது? ஆக்கித் தின்னு."

நான் பானையை மூடினேன். மேலே பார்த்தாள், மூடி வைத்த பானையைப் பார்த்தாள், உப்பை வாங்கிக்கொண்டாள். வாசல் வரைக்கும் போய்த் திரும்பி, "எங்க மாமியா செத்தப்போ, ஒரு மாசம் அதுக்கும் சேத்துதான் காபி போட்டேன். யாரு குடிச்சா? நான்தான் குடிச்சேன். ரெண்டு டம்ளரு. தூக்கமே வரல" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சிரிப்பு வந்தது. வைகாசிக்கு அப்புறம் முதல் முறை. வெட்கமாகவும் இருந்தது.


ஆவணி 19, புதன்

நல்ல வெயில். துவரைக்குச் செம்மண் கட்டினேன். ஏரிக்கரையிலிருந்து ஒரு கூடை மண். ஊறவைத்த துவரையை மண்ணில் புரட்டும்போது நகக்கண் எல்லாம் சிவப்பு. ஆறு படியும் ஒரே நாளில் காய்ந்துவிட்டது. உடைத்தால் நாலரை படி பருப்பு தேறும்.

கேழ்வரகு கொண்டுவந்தவன் விலை ஏற்றிச் சொன்னான். கால் மூட்டைதான் எடுத்தேன். மொத்தம் முக்கால்.

கூழுக்கு நாலு சொம்பு எடுத்து வைத்தேன். நாலாவதைத் திருப்பிக் கவிழ்த்து வைத்தேன். தினம் இதுதான் நடக்கிறது. உங்கப்பா பார்க்கிறார், சொல்வதில்லை. அவரும் தறியில் உட்கார்ந்து, "அம்..." என்று தொடங்கி, "செல்வி, நூல் எடு" என்கிறார்.

செல்விக்கு நூல் சுற்ற வரவில்லை. அறுத்து அறுத்து வைக்கிறாள்.

தலைவலி. சீக்கிரம் படுத்துவிட்டேன்.


ஆவணி 29, சனி

ரேஷன். கார்டு செக் இன்னும் வரவில்லை. கடைக்காரர் ஒன்றும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நாலு பேருக்குப் போட்டார். பச்சரிசி. சர்க்கரையும் உன் பங்கு வந்தது. பாமாயில் கிடையாதாம், அடுத்த வாரமாம்.

உன் நாலு கிலோ மேல் பானையில். எண்ணெய் பிசறி. இப்போது எட்டு.

சர்க்கரையைச் செல்வி தின்றுவிட்டாள். தின்னட்டும் என்று விட்டேன். சர்க்கரைக்கு ஒன்றும் தோன்றவில்லை. அரிசிக்குத்தான் கை வரவில்லை. ஏன் என்று எனக்கே தெரியவில்லை.


புரட்டாசி 8, செவ்வாய்

மேகம் இருக்கிறது, மழை இல்லை. கண்ணமங்கலம் பக்கம் கடலைக்காய் ஆயப் போனோம், நானும் மேரியக்காவும். முதல் பஸ். பிடுங்கிப் போட்ட செடி குவியல் குவியலாக. உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்திருக்காமல் ஆய்ந்தோம். பத்துப் படி ஆய்ந்தால் ஒரு படி நமக்கு. கூலி அதுதான்.

மேரியக்கா வாய் ஓயவில்லை. நிலத்துக்காரர் வந்தால் மட்டும் நிறுத்துவாள்.

"ஐயா, இந்தப் படிய எங்க வாங்கனீங்க? அடி ரொம்ப ஆழமா கீது. நாங்க ஆஞ்சிகினே கீறோம், ரொம்பவே மாட்டேங்குது."

"உன் வாய விடவா ஆழம்? ஆயும்மா" என்றார். எல்லாப் பெண்களும் சிரித்தார்கள். கடைசியில் கூலி அளக்கும்போது ஒரு கை கூடுதலாகவே போட்டார்.

இன்றைக்கு மூன்று படி. இன்னும் நாலு நாள் போனால் மழைக்கு ஆகும். கொஞ்சம் செக்குக்கு.

இடுப்பு விட்டுப்போகிறது. பஸ்ஸில் மேரியக்கா என் தோளில் தூங்கிவிட்டாள். அந்த ரோடு எனக்குப் பிடிக்கவில்லை. ஜன்னல் பக்கம் உட்காரவில்லை.


புரட்டாசி 12, சனி

வெங்காய வடகம் போட்டேன், அம்முலு. நீ இல்லாமல் உருட்டினது முதல் முறை. பெரிது பெரிதாக வந்துவிட்டது. செல்வி பார்த்து, "இன்னாம்மா, லட்டு மாதிரி கீது" என்றாள். வாசம் மட்டும் தெரு வரைக்கும் சரியாக இருக்கிறது.

கடலைக்காய் 9 படி சேர்ந்தது.
பருப்பு 4½ ப.
கேழ்வரகு ¾ மூ.
வடகம் 40, கொஞ்சம் பெரிசு.

முதலாளி பட்டும் ஜரிகையும் கொடுத்துவிட்டாராம். தீபாவளிக்கு முன் மூன்று புடவை முடித்துத் தரவேண்டும். மழை பிடிப்பதற்குள், இழை விறைக்கப் பாவுக்குக் கஞ்சி போட்டுத் தறியில் ஏற்றிவிட வேண்டும். இந்தப் பாவுதான் மழைக்காலத்துக்குக் கையில் இருக்கப்போகிற கூலி. இதைவிட்டால் தை மாதம்தான்.

உங்கப்பாவுக்கு முகத்தில் கொஞ்சம் தெளிவு. மீசையை வெட்டிக்கொண்டார்.


புரட்டாசி 16, புதன்

எழுத வரவில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

விடியலில் தெருவில் பாவு நீட்டினார்கள். அரக்குச் சிவப்பு. அவரோடு இன்னும் நாலு பேர். மண்ணெண்ணெய் ஊற்றுகிறார்கள் என்று கேள்விப்பட்டு நான் டின்னைத் தூக்கிக்கொண்டு வரிசைக்கு ஓடினேன். போகும்போது செல்வியிடம், "பச்சரிசி ரெண்டு ஆழாக்கு போட்டு தண்ணியா கஞ்சி காய்ச்சிக் கொடு, அப்பா கேட்டா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனேன். எந்தப் பானை என்று சொல்லவில்லை. கஞ்சிக்குப் பழைய பச்சரிசி கீழ்ப் பானையில் துணி கட்டி இருக்கும், நீதான் எடுப்பாய், உனக்குச் சொல்லவேண்டியதில்லை. அவள் மேல் பானையைத் திறந்திருக்கிறாள்.

திரும்பி வரும்போதே தெருவில் சத்தம்.

"கஞ்சியாய்யா இது? மேல எண்ண மெதக்குது பாரு."

"ஏம்ப்பா, பாவுக்குக் கஞ்சி கேட்டா உங்க வூட்ல தாளிச்சி ஊத்தினாங்களா?"

நாலு பேரில் ஒருவர்தான் அப்படிச் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. பாதிப் பாவுக்குத் தடவிவிட்டார்கள். தடவின இடத்தில் கஞ்சி பிடிக்கவே இல்லை. இழையெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக் கயிறு மாதிரி. சிவப்பில் அங்கங்கே கறுப்பாகத் திட்டு. பட்டில் எண்ணெய் பட்டால் போகாது.

அவர் பாவின் மேல் கையை வைத்துக்கொண்டே நின்றார். கத்தவில்லை. "யாரு காச்சனது?" என்று மட்டும் கேட்டார்.

செல்வி கதவுக்குப் பின்னால். குடம் குடமாக அழுகிறாள். நான் டின்னை வைத்துவிட்டுப் போய் முன்னால் நின்றேன். "நான்தாங்க. என் தப்பு. அது எண்ண போட்டு வெச்ச அரிசி."

"எண்ணயா? கஞ்சி அரிசிக்கு எவளாவது எண்ண போடுவாளா?"

"கஞ்சிக்கு வெச்சது இல்லிங்க."

அதற்கு மேல் அங்கே பேச முடியவில்லை. நாலு பேர் நிற்கிறார்கள்.

திட்டு விழுந்த மூன்று கெஜத்தை வெட்டி எடுத்தார்கள். மீதியைச் சுடுதண்ணீரில் அலசி, கீழ்ப் பானை அரிசியில் நானே கஞ்சி காய்ச்சி, மறுபடி போட்டு, வெயில் இருக்கும்போதே காயவிட்டார்கள். யாரும் சாப்பிடவில்லை. மூன்று புடவை வரவேண்டிய பாவில் இரண்டுதான் வரும்.

எல்லாரும் போன பிறகு அவர் உள்ளே வந்தார். மேல் பானையை இறக்கினார்.

"இது ஏது அரிசி?"

"ரேஷன் அரிசி."

"எதுக்குத் தனியா வெச்சிருக்க?"

"அம்முலுது" என்றேன்.

கையை உள்ளே விட்டார். ஒரு பிடி எடுத்து முகர்ந்து பார்த்தார். மறுபடியும் பானையிலேயே போட்டார். விரலில் ஒட்டினதை வேட்டியில் துடைக்கவில்லை. அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தன மாசமா?"

"ரெண்டு."

"ஆக்கி இருக்கலாம் இல்ல?"

"என்னால ஆவல."

மூடியைப் போட்டார். போய்த் தறியில் உட்கார்ந்துகொண்டார். தறியில் பாவே இல்லை. சும்மா உட்கார்ந்திருந்தார்.


புரட்டாசி 17, வியாழன்

மூட்டம். காற்று.

கீழ்ப் பானை காலி. வீட்டில் அரிசி என்று இருப்பது உன்னுடையது மட்டும்தான். ஏழரை கிலோ இருக்கும்.

சுடுதண்ணீர் ஊற்றி நாலு முறை கழுவினேன். ஐந்தாவது முறையும் கழுவினேன். அடுப்பில் வைத்தேன். உலை கொதிக்கும்போது அடுப்பைவிட்டு வெளியே போய் நின்றேன். சோறு பொங்கி வழிந்து அடுப்பு அணைந்துவிட்டது. வந்து மறுபடி ஊதினேன்.

அவர் முதலில் உட்கார்ந்தார். நான் பரிமாறினேன். மோர், கடலைத் துவையல், ஒரு லட்டு வடகம்.

செல்வி தட்டைப் பார்த்துக்கொண்டே, "இது அக்கா அரிசியா?" என்றாள்.

அவர் மோரை ஊற்றிப் பிசைந்தார்.

"வெளக்கெண்ண வாசன வருது. வயித்தால போவுமா?"

"போவாது. தின்னு" என்றார் அவர். அவரே இரண்டாம் முறை போடச் சொன்னார். அப்படிக் கேட்கிற வழக்கம் இல்லை அவருக்கு. செல்வியும் கேட்டாள். நேற்றிலிருந்து பசி.

நான் கடைசியில் அடிச்சோற்றைத் தின்றேன். சோறுதான். வெறும் சோறு. இதற்கா இரண்டு மாதம் பயந்தேன். முதல் வாயைத் தண்ணீர் குடித்து இறக்கினேன்.

செல்விக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்குத்தான் இரண்டு முறை போய்வர வேண்டியிருந்தது. மேரியக்காவிடம் சொன்னால் வருஷம் முழுக்கச் சொல்லிக் காட்டுவாள். சொல்லவில்லை.


புரட்டாசி 21, திங்கள்

அவர் முதலாளி வீட்டுக்குப் போய்வந்தார். கெட்டுப்போன பட்டைக் கூலியில் பிடித்துக்கொள்வாராம். இந்த மட்டும் வேறு ஆளுக்குக் கொடுக்காமல் விட்டாரே என்கிறார். தீபாவளிக்குப் புதுத் துணி இல்லை. இந்த வருஷம் நமக்குத் தீபாவளியே கிடையாதே, மறந்துவிட்டேன்.

ஆக மழைக்கு ரேஷன் அரிசியைத்தான் நம்பியிருக்கிறது. இதை நினைத்துக்கொண்டிருக்கும்போதே கடைக்காரர் ஆள் அனுப்பினார். பக்கத்துத் தெருவில் கார்டு செக் தொடங்கிவிட்டதாம். ஒரு வீட்டில் இல்லாத மாமனார் பேர் இருந்து கார்டையே வாங்கிக்கொண்டு போய்விட்டார்களாம். திரும்ப வாங்க மூன்று மாதமாவது நடக்கணுமாம்.

மூன்று மாதம் கார்டு இல்லாவிட்டால் மழை முழுக்கப் போய்விடும். முக்கால் மூட்டைக் கேழ்வரகும் ஒன்பது படிக் கடலையும் எத்தனை நாளைக்கு?

அவர், "நான் போய் பேர எடுத்துட்டு வரேன்" என்றார். சட்டை போட்டுக்கொண்டார். ஆணியிலிருந்து கார்டை எடுத்தார். அப்புறம் பாயில் உட்கார்ந்துகொண்டார். சட்டையோடு அரை மணி நேரம்.

"நீங்க பாவ ஏத்துங்க. நான் போறேன்" என்றேன். பேரைச் சேர்க்கும்போதும் நான்தான் போனேன், உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு. அப்போது நீ மேஜை மேலிருந்த மை முத்திரையைப் பிடித்து இழுத்தாய்.


புரட்டாசி 24, வியாழன்

வெயிலும் இல்லை, மழையும் இல்லை. மேகம் வயிற்றைத் தள்ளிக்கொண்டு நிற்கிறது.

ஆபீஸ். காலை பத்து மணிக்குப் போய் ஒன்றரைக்கு முறை வந்தது. பையில் கார்டு. கார்டுக்குள் முனிசிபாலிட்டியில் கொடுத்த இறப்புச் சீட்டு, நாலாக மடித்தது. அவர் வாங்கி வந்த நாளிலிருந்து நான் அதைப் பிரிக்கவில்லை.

என்ன சொல்வது என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே நின்றேன். பேர எடுக்கணுங்க. என் பொண்ணு பேரு. வைகாசில. அதற்கு மேல் மனசுக்குள்ளேயே வரவில்லை.

மேஜையில் இருந்தவர் சின்ன வயசு. முகத்தில் பவுடர். அன்பாகத்தான் பேசினார், அதுதான் வினையாகிவிட்டது.

"பேர் சேக்கணுமா, எடுக்கணுமா?"

"எடுக்கணுங்க."

"யாரு பேரு?"

விரலை வைத்துக் காட்டினேன். "தனலட்சுமி, வயசு பதினேழு" என்று சத்தமாகப் படித்தார். அந்தப் பேரில் உன்னை யாரும் கூப்பிட்டது கிடையாது, பள்ளிக்கூடத்தைத் தவிர. யாரோ வேறு பெண் போல இருந்தது. நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்.

"இன்னாம்மா, பொண்ணுக்குக் கல்யாணம் முடிஞ்சிடுச்சா? சந்தோஷம். பதினேழுன்னு போட்டிருக்கு, இப்போ பதினெட்டு ஆயிருக்கும், இல்ல? எந்த ஊருக்கு மாத்தணும்?"

சீட்டைப் பிடித்திருந்த கை பைக்குள்ளேயே இருந்தது. எடுக்கவேண்டும், நீட்டவேண்டும், அவ்வளவுதான். எனக்குப் பின்னால் இருபது பேர்.

"சொல்லும்மா. மாப்ள வூடு எந்த ஊரு?"

வெளியே ரோட்டில் பஸ் நின்று, கண்டக்டர் தட்டிக்கொண்டே கத்திக்கொண்டிருந்தான், சேத்துப்பட்டு, சேத்துப்பட்டு, சேத்துப்பட்டு என்று.

"சேத்துப்பட்டுங்க" என்றேன்.

எழுதிவிட்டார். கார்டில் உன் பேர் மேல் சிவப்பு மையில் ஒரு கோடு, ஸ்கேல் வைத்து, கோணாமல். ஒரு சீட்டு எழுதி முத்திரை குத்தினார். "இத மாப்ள கிட்ட குடுங்க. அந்த ஊரு கார்டுல சேத்துக்குவாங்க. தொலைச்சிடாதீங்க, இது இல்லன்னா அங்க அரிசி போட மாட்டாங்க."

"சரிங்க" என்றேன். கும்பிட்டேன்.

வீட்டுக்கு எப்படி வந்தேன் தெரியாது. அவர் பாவு பிணைத்துக்கொண்டிருந்தார். ஆபீஸில் கொடுத்த சீட்டை நீட்டினேன். ஒரு முறை படித்தார். வெளிச்சத்துக்குப் போய் இன்னொரு முறை படித்தார்.

"சேத்துப்பட்டா?"

"வாயில வந்துடுச்சி."

"அவன் கேக்கலியா, கல்யாணப் பத்திரிக அது இதுன்னு?"

"கேக்கல."

கோபம் வரும் என்று நின்றேன். சீட்டை மெல்ல மடித்தார். "நல்ல ஊருதான். பஸ் வசதி இருக்குது" என்றார். சொல்லிவிட்டு மூக்கைச் சிந்தினார். பழையபடி இழையைப் பிணைக்க உட்கார்ந்தார். வெகு நேரம் ஒரே இழையைப் பிணைத்துக்கொண்டிருந்தார்.

செல்விக்குச் சொல்லவில்லை.


புரட்டாசி 26, சனி

நேற்று சாயந்திரம் தொடங்கின மழை விடவில்லை. கூரையில் இரண்டு இடம் ஒழுகுகிறது. கேழ்வரகு மூட்டையை நகர்த்திப் பலகைமேல் ஏற்றினேன். வடகத்தில் நாலு பூசணம்.

பாவு நேற்றே தறியில் ஏறிவிட்டது. நல்லவேளை. காலையிலிருந்து தறிச் சத்தம்.

கார்டு பார்க்க வந்தவர்கள் நம் வீட்டுக்கும் வந்தார்கள், குடையோடு, செருப்பு முழுக்கச் சேறு. கார்டைத் திருப்பிப் பார்த்து, கோட்டைப் பார்த்து, சரி என்று கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். ஒரு நிமிஷம் ஆகவில்லை.

ரேஷனுக்கு நான் மட்டும் போனேன். கடைக்காரர் கார்டைப் பார்த்தார். கோட்டுக்குப் பக்கத்தில் எழுதியிருந்த ஊரைப் படித்தார். வைகாசியில் உன்னைத் தூக்கிக்கொண்டு போகும்போது அவரும்தான் கடையைச் சாத்திவிட்டு வந்து நின்றார். என்னைப் பார்த்தார். வரிசையில் எல்லாரும் நனைந்துகொண்டு நிற்கிறார்கள்.

"சேத்துப்பட்டு" என்றார், மெல்ல.

"ஆமாங்க."

"சரிங்க அம்முலு அம்மா" என்றார். வாய் தவறிச் சொன்னாரா, தெரிந்து சொன்னாரா தெரியவில்லை. மூன்று பேருக்கு அளந்தார். இந்த மாதம் புழுங்கல், ஒரே கல். பை லேசாக இருந்தது. ஒரு கையிலேயே தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மொத்த அரிசியையும் ஒரே பானையில் கொட்டினேன். மேல் பானையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டேன்.

சேத்துப்பட்டுச் சீட்டு கார்டுக்குள்ளேயே இருக்கிறது. யார் கொண்டுபோய்க் கொடுப்பது. அது இல்லாவிட்டால் அங்கே போடமாட்டார்களாம்.

அம்முலு, இந்த மழையில் உனக்கு அங்கே யார் அரிசி வாங்கி வருகிறார்கள்?